பள்ளிக்கு வெளியே தொடங்கிய கல்வி: டி.எஸ். சௌந்தரமும் மதுரைச் சமவெளியும்

மதுரையின் பெண்கல்வி வரலாறு பெரும்பாலும் கட்டடங்களின் வரிசையாகவே சொல்லப்படுகிறது. 1834இல் வந்த அமெரிக்க மதுரை மிஷன், அது வளர்த்த காப்ரன் ஹால் பெண்கள் பள்ளி, அதன் முதல்வராக இருந்த கேட்டி வில்காக்ஸ் 1948இல் நிறுவிய லேடி டோக் கல்லூரி, 1953இல் பாத்திமா கல்லூரி, 1965இல் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி என்று அந்த வரிசை நீளும். எல்லாமே நகரத்துக்குள் இருப்பவை. பெண் அங்கே போய்ப் படிக்க வேண்டும்.

இந்த வரிசையில் டாக்டர் டி.எஸ். சௌந்தரத்தின் பெயர் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. அவரை மருத்துவர் என்பார்கள், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் என்பார்கள், காந்தி நடத்திவைத்த கைம்பெண் மறுமணத்தின் மணமகள் என்பார்கள். கல்வியாளர் என்ற சொல் அரிதாகவே அவரோடு சேர்கிறது. மருத்துவமனை, பால்வாடி, கிராம சேவிகைப் பயிற்சி, ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம், ஆதாரப் பள்ளி, ஆசிரியர் பயிற்சிப் பள்ளி என்று சின்னாளபட்டிக்கு அருகே ஒரே வளாகத்தில் வளர்ந்தவற்றைத் தனித்தனித் தொண்டுகளாக எண்ணிப் பார்க்கும் பழக்கமே இதற்குக் காரணம். சேர்த்துப் பார்த்தால் அவை ஒரே கேள்விக்கான பதில்கள். கிராமத்துப் பெண் குழந்தை பள்ளிக்கு வராமல் போவது ஏன், வந்தாலும் பாதியில் நின்றுவிடுவது ஏன் என்பதே அந்தக் கேள்வி.

கைம்மையிலிருந்து கல்லூரிக்கு

சௌந்தரம் 1904 ஆகஸ்ட் 18 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய போக்குவரத்துத் தொழில், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தென் மாவட்டங்களின் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பணமும் செல்வாக்கும் இருந்த குடும்பம்தான். ஆனாலும் அன்றைய வைதிகக் குடும்பங்களின் வழக்கப்படி சௌந்தரத்துக்குச் சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. கணவர் டாக்டர் சௌந்தரராஜன் பிளேக் நோய்க்குப் பலியானார். மனைவி இளம் வயதிலேயே கைம்பெண் ஆனார்.

அந்தக் காலத்தில் பிராமணக் கைம்பெண்ணுக்கு மீதமிருந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. சௌந்தரம் தில்லிக்குச் சென்று லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1936இல் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 32. உடன் படித்தவர்களில் சுசீலா நய்யாரும் ஒருவர். காந்தியின் வட்டத்துக்குள் சௌந்தரம் வந்தது அந்த நட்பின் வழியாகத்தான். திருவிதாங்கூரைச் சேர்ந்தவரும் சாந்திநிகேதனில் படித்தவரும் அரிஜன இயக்கத்தில் உழைத்தவருமான ஜி. ராமச்சந்திரனை அங்கேதான் சந்தித்தார்.

மொழி வேறு, சாதி வேறு. மணமகளோ கைம்பெண். பெற்றோர் எதிர்த்தார்கள். காந்தி அவசரப்படவில்லை, ஓராண்டு பிரிந்திருந்து பார்க்கச் சொன்னார். அதன் பிறகும் மனம் மாறாததால் 1940இல் தாமே முன்னின்று திருமணத்தை நடத்திவைத்தார்.

இந்த வாழ்க்கைக் கதையைப் பலரும் துணிச்சலின் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். கல்வி வரலாற்றுக்கு இதில் வேறொரு செய்தி உண்டு. படிக்க ஆசைப்பட்ட பெண்ணுக்கு ஆசை மட்டும் போதவில்லை. தங்க இடம், செலவுக்குப் பணம், ஊர்ப் பேச்சைத் தாங்கும் துணை, படிப்பு முடிந்தபின் செய்ய ஒரு வேலை ஆகிய நான்கும் தேவைப்பட்டன. அவற்றில் பாதியையாவது வசதியான வீட்டுப் பெண்ணால் தேடிக்கொள்ள முடிந்தது. சின்னாளபட்டித் தறிக்காரரின் மகளுக்கும் ஆத்தூர்ப் பக்கத்துக் கூலிக்காரரின் மகளுக்கும் இந்த நான்கையும் யார் தருவது?

விடுதி முதலில், வகுப்பறை பிறகு

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் சௌந்தரம் முதலாமவர் அல்லர். சென்னையில் சகோதரி ஆர்.எஸ். சுப்புலட்சுமி அவருக்கு ஒரு தலைமுறை முந்தியவர். 1886 ஆகஸ்ட் 18 அன்று பிறந்தவர். அவரும் பால்ய விவாகத்தால் கைம்பெண் ஆனவர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே இளம் கைம்பெண்களைத் தம் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைத்தார். சாரதா மகளிர் சங்கம், ஐஸ் ஹவுஸ் விடுதி, 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எல்லாம் அதிலிருந்து வளர்ந்தவை. தங்க ஓர் இடம் கிடைத்த பிறகே கைம்பெண் மாணவியாக முடிந்தது. பயிற்சிக் கல்லூரி வந்த பிறகே மாணவி சம்பளம் வாங்கும் ஆசிரியையாக முடிந்தது. பள்ளி என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு கட்டம்.

மதுரையில் மிஷன் பள்ளிகள் செய்ததும் ஏறத்தாழ இதுதான். காப்ரன் ஹால் விடுதியோடு கூடிய பள்ளி. இன்று மதுரைக்காரர்கள் ஓ.சி.பி.எம். பள்ளி என்று அழைப்பது அதன் தொடர்ச்சியே. ஊர்ப்புறச் சபைகளிலிருந்து பெண் குழந்தைகளை அழைத்துவந்து தங்கவைத்து, ஆசிரியைகளாக்கித் திருப்பி அனுப்பும் முறை அங்கே நெடுங்காலம் இருந்தது. பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் உள்ளூரிலேயே பட்டம் பெற ஒரு மகளிர் கல்லூரி வேண்டும் என்பதைக் கேட்டி வில்காக்ஸ் தம் பள்ளி அனுபவத்திலிருந்தே உணர்ந்திருக்க வேண்டும். லேடி டோக் அந்தத் தேவைக்கான விடை.

இந்த இரு முன்மாதிரிகளும் பெண்ணை அவளுடைய ஊரிலிருந்து வெளியே எடுத்து வளர்த்தன. அதற்கு நியாயமும் இருந்தது. ஊர் அவளை வளரவிடாது. ஆனால் வெளியே வர முடிந்தவர்கள் சிலர் மட்டுமே. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிவு பெற்ற பெண்கள் 100க்கு 9 பேருக்கும் குறைவு. எத்தனை விடுதிகள் கட்டினாலும் மீதமுள்ள 91 பேரை நகரத்துக்குக் கொண்டுவர முடியாது என்பது எளிய கணக்கு. அந்த 91 பேரின் பக்கம் நின்று தொடங்கியது சௌந்தரத்தின் முயற்சி.

சின்னாளபட்டி, 1947

1944 பிப்ரவரியில் கஸ்தூரிபா சிறையிலேயே இறந்தபின் அவர் பெயரில் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் நிதி திரண்டது. கிராமத்துப் பெண்கள், குழந்தைகள் நலனுக்கே அது செலவாக வேண்டும் என்றார் காந்தி. கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பிரதிநிதியாகச் சௌந்தரம் பொறுப்பேற்றார். 1946 பிப்ரவரியில் காந்தி மதுரைக்கு வந்து, 1939 ஆலயப் பிரவேசத்துக்குப் பின் எல்லோருக்கும் திறந்திருந்த மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார். அதற்கு அடுத்த ஆண்டு, 1947 அக்டோபர் 7 அன்று, சிறுமலை அடிவாரத்தில், அம்பாத்துறை ரயில் நிலையத்துக்கும் சின்னாளபட்டிக்கும் அருகில் காந்திகிராமம் தொடங்கியது. அன்று அது மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான்.

முதலில் எழுந்தவற்றில் ஒன்று இரண்டே படுக்கைகள் கொண்ட பிரசவ விடுதி. பின்னாளில் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது அதுதான். கல்வியைப் பற்றிய கட்டுரையில் பிரசவ விடுதிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கிராமத்து வீடு ஒன்றை உள்ளே போய்ப் பார்த்தால் பதில் கிடைக்கும். தாய் காலையில் நாற்று நடவோ தறிவேலைக்கோ போகிறாள். கைக்குழந்தை இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது அக்காள் வீட்டில் நிற்க வேண்டும். அடுத்த ஆண்டு இன்னொரு பிரசவம். தாய்க்குக் காய்ச்சல் கண்டால் அடுப்பும் அக்காள் பொறுப்பு. பிரசவத்தில் தாய் இறந்துபோனால் அந்தப் பெண்ணின் படிப்பு அதோடு சரி. அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியது ஆசிரியர் குறையோ பாடப்புத்தகக் குறையோ அல்ல. தொட்டில்தான் அவளை வீட்டோடு கட்டிப்போட்டது.

ஆகவே பத்திரமான பிரசவமும் பால்வாடியும் பெண்கல்வித் திட்டத்தின் பகுதிகளே. தம்பி பால்வாடிக்குப் போனால் அக்காள் பள்ளிக்குப் போக முடியும். நோய்க்கு மருந்து கொடுப்பதோடு நிற்காமல் நோய் வரும் வழியைத் தேடும் பொதுச் சுகாதார மருத்துவரின் பார்வை இது. சௌந்தரம் அதைக் கல்விக்கும் பொருத்தினார் என்று சொல்வது மிகையாகாது.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி கிராம சேவிகை. குறைந்த பள்ளிப் படிப்பு உள்ள பெண்கள், அவர்களில் கைம்பெண்களும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் உண்டு, காந்திகிராமத்தில் தங்கிப் பயிற்சி பெற்றார்கள். குழந்தை வளர்ப்பு, முதலுதவி, சுகாதாரம், நூற்பு, எழுத்தறிவித்தல் எல்லாம் பயிற்சியில் அடக்கம். பயிற்சி முடிந்ததும் ஏதேனும் ஒரு கிராமத்தில் போய்க் குடியிருக்க வேண்டும். அதிகாரியாக ஜீப்பில் வந்து போகிறவர் அல்லர். அதே கிணற்றில் தண்ணீர் இறைப்பவர். சுப்புலட்சுமியின் விடுதியில் கைம்பெண் ஆசிரியையானார். இங்கே அவர் ஒரு கிராமத்துக்கே ஆசிரியை, தாதி, ஆலோசகர் மூன்றுமாக ஆனார். ஊர் அபசகுனமாக ஒதுக்கிய பெண்ணையே தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் தேடிவர வேண்டியிருந்தது. சமூகச் சீர்திருத்தம் பற்றிய எத்தனை சொற்பொழிவும் செய்யாததை அந்த நிலைமை செய்திருக்கும்.

தக்ளியும் கணக்கும்

காந்திகிராமத்தின் பள்ளி ஆதாரக் கல்வி முறையில் நடந்தது. 1937இல் வார்தா மாநாட்டில் வடிவம் பெற்று, ஜாகிர் உசேன் குழுவால் பாடத்திட்டமாக்கப்பட்ட முறை அது. யாழ்ப்பாணத்தவரான ஆரியநாயகமும் அவர் மனைவி ஆஷாதேவியும் காந்தியின் ஆசிரமமான சேவாகிராமத்தில் அதை நடத்திக்காட்டினார்கள். கைத்தொழிலை மையமாக வைத்து மற்றப் பாடங்களை அதிலிருந்து கற்பிப்பது அதன் அடிப்படை.

இது வகுப்பறையில் எப்படி நடக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். மாணவி தக்ளி என்ற கைக்கதிரில் நூல் நூற்கிறாள். நூற்ற நூலைச் சிட்டமாகச் சுற்றுகிறாள். ஒரு சிட்டம் 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே நூலின் நம்பர். 20 நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டில் 20 சிட்டம், அதாவது 16,800 கெஜம். நம்பர் கூடக் கூட நூல் மெலியும். இதற்குள் பெருக்கலும் வகுத்தலும் தலைகீழ் விகிதமும் வந்துவிடுகின்றன. பஞ்சு எந்த மண்ணில் விளைகிறது என்று கேட்டால் புவியியல். லங்காஷயர் துணி ஏன் வந்தது என்று கேட்டால் வரலாறு. கையால் தொட்டு அளந்த கணக்கு மறக்காது என்பது இந்த முறையின் பலம்.

பலவீனமும் இருந்தது. நல்ல ஆசிரியர் இல்லாத இடத்தில் நூற்பு நூற்பாகவே நின்றது. கணக்கு அதிலிருந்து வெளிவரவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் சமூகத்திலிருந்து வந்தது. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் குழந்தைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார். தமிழ்நாடே கொதித்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. ஆதாரக் கல்வியும் இந்தத் திட்டமும் வேறுவேறானவை. ஆதாரப் பள்ளியில் ஐயங்கார் வீட்டுப் பிள்ளையும் நூற்க வேண்டும், கூலி வீட்டுப் பிள்ளையும் நூற்க வேண்டும். தகப்பன் தொழிலுக்கு அங்கே இடமில்லை. ஆனால் தறிக்குழியிலிருந்து மகளை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பிய தகப்பனுக்கு, பள்ளியிலும் அவள் நூலோடு உட்கார்ந்திருப்பது எப்படித் தெரிந்திருக்கும்? நகரத்துக் கான்வென்ட்டில் ஆங்கிலம், கிராமத்தில் தக்ளி என்ற பிரிவினை அவர் கண்ணுக்கு நன்றாகவே பட்டது. அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. காந்திகிராமத்தின் கல்வி முயற்சி எங்கே தடுமாறியது என்றால் இங்கேதான். மருத்துவமனையை ஊர் உடனே ஏற்றுக்கொண்டது. தக்ளியை ஏற்றுக்கொள்ளவில்லை.

பெற்றோருக்கு வேண்டியிருந்தது பட்டம். 1956இல் நடுவண் அரசு கிராமிய உயர்கல்விக்கென நாடு முழுவதும் சுமார் 10 நிறுவனங்களைத் தொடங்கியபோது காந்திகிராமமும் அவற்றில் ஒன்றானது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஜி. ராமச்சந்திரனின் பெயர் அந்த வளர்ச்சியோடு இணைந்து நிற்கிறது. 1959இல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தபோது பார்க்க விரும்பிய இடங்களில் ஒன்றாக இருந்தது காந்திகிராமம். பல்கலைக்கழகத்தின் நிழல் விரிய விரிய, அதற்கு முந்திய மருத்துவமனையும் சேவிகைப் பயிற்சியும் பால்வாடியும் அறக்கட்டளையின் தொண்டு என்ற தலைப்புக்குள் ஒதுங்கின. கல்வி என்றால் கணவர், தொண்டு என்றால் மனைவி என்ற பாகப்பிரிவினை நம் நினைவில் இப்படித்தான் உருவாகியிருக்க வேண்டும்.

ஒரு மாணவி

இந்த முயற்சி எதைச் சாதித்தது என்பதற்கு ஒரு வாழ்க்கையைச் சான்றாகக் காட்டலாம். வத்தலக்குண்டு பக்கம் அய்யன்கோட்டையில் 1926இல் ஒரு தலித் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். தந்தை இளமையிலேயே இறந்துவிட்டார். தாய் நாகம்மாள் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். படிப்பதற்காக மதுரைக்கு வந்த அந்தப் பெண்ணுக்குச் சௌந்தரத்தின் ஆதரவு கிடைத்தது. தங்க இடமும் படிப்புச் செலவும் மட்டுமல்லாமல், ஒரு வாழ்க்கைத் திசையும் அங்கிருந்தே கிடைத்தது. பட்டதாரியான கிருஷ்ணம்மாள் 1950இல் சர்வோதயத் தொண்டர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனை மணந்தார். பூதான இயக்கத்தில் இருவரும் நடந்தார்கள். 1968 கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பின் தஞ்சைக்குப் போய் அங்கேயே தங்கினார்கள். 1981இல் நிலமற்றோருக்காகத் தொடங்கிய லாஃப்டி அமைப்பின் வழியாக ஆயிரக்கணக்கான தலித் பெண்களின் பெயரில் நிலப் பட்டா வந்தது.

டி.வி.எஸ். குடும்பத்துப் பெண்ணும் அய்யன்கோட்டைக் கூலி வீட்டுப் பெண்ணும் ஒரே வரலாற்றில் சந்திப்பதற்கு அன்றைய மதுரையில் வேறு இடம் இருந்ததா என்று தெரியவில்லை. அதே சமயம் இதை உயர்சாதிப் பரிவின் கதையாகச் சுருக்கிவிடவும் கூடாது. கிருஷ்ணம்மாள் பெற்றது படிப்பு. அதை நிலப் போராட்டமாக மாற்றியது அவருடைய சொந்த அறிவும் உழைப்பும். தன்னை உருவாக்கியவரின் திட்டத்தைத் தாண்டி மாணவி போவதுதான் கல்வி பலித்ததற்கு அடையாளம் என்றால், சௌந்தரத்தின் முயற்சி பலித்திருக்கிறது.

காந்திகிராம வட்டாரத்தில் வாழ்ந்த இன்னொருவரையும் இங்கே நினைக்க வேண்டும். அமெரிக்க மதுரை மிஷனின் போதகராக வந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான், காந்தியோடும் கதரோடும் சேர்ந்ததற்காக ஆங்கிலேய அரசால் நாடு கடத்தப்பட்டு மீண்டும் வந்தவர். மிஷன் பள்ளி மரபும் காந்திய மரபும் மதுரைச் சமவெளியில் எதிரெதிரே நின்றவை என்று எண்ணுபவர்களுக்கு அவர் வாழ்க்கை ஒரு மறுப்பு. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டன.

சட்டமன்றத்திலிருந்து அமைச்சகத்துக்கு

சௌந்தரம் 1952இல் ஆத்தூர் தொகுதியிலிருந்தும் 1957இல் வேடசந்தூரிலிருந்தும் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் உறுப்பினராக இருந்த அந்த ஆண்டுகளில்தான் காமராசர் அரசு பள்ளி மதிய உணவைக் கொண்டுவந்தது. படிப்புக்கு முன் வயிறு என்பது காந்திகிராமத்துக்குத் தெரிந்த உண்மை; அது மாநிலக் கொள்கையாகியது. 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குச் சென்று, நேரு அமைச்சரவையில் கல்வித் துணை அமைச்சரானார். பத்மபூஷண் விருதும் அதே ஆண்டு வந்தது. சுகாதார அமைச்சகம் மருத்துவருக்கு இயல்பான இடம். அவருக்குக் கிடைத்ததோ கல்வி. தில்லி அவரைக் கல்வியாளராகப் பார்த்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1964இல் அமைக்கப்பட்ட கோத்தாரி குழு, வேலை அனுபவமும் சமூகப் பணியும் படிப்பின் பகுதியாக வேண்டும் என்று 1966இல் பரிந்துரைத்தது. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. மாணவர் கிராமத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்தது. காந்திகிராமம் அதை முன்னமே செய்துபார்த்திருந்தது.

இதே காலத்தில் காந்திகிராமத்தின் மருத்துவப் பணி ஆத்தூர் வட்டாரத்தில் தாய்சேய் நலத்தையும் குடும்ப நலத்தையும் ஒன்றாக முன்வைத்த முன்னோடித் திட்டமாக விரிந்தது. வட்டாரத்தில் பிறப்பு விகிதம் குறைந்தது. பிற மாநிலங்களும் கவனித்தன. கல்வித் துறை தனியாகவும் சுகாதாரத் துறை தனியாகவும் ஓடும் அரசில், இரண்டையும் ஒரே பெண்ணின் வாழ்க்கையாகப் பார்த்த ஒருவரின் வளாகத்திலிருந்து அந்தத் திட்டம் வந்தது தற்செயல் அல்ல.

1984 அக்டோபர் 21 அன்று சௌந்தரம் காலமானார். 2005இல் அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

எதை வைத்து மதிப்பிடுவது

இன்று தமிழ்நாட்டு அரசுத் திட்டங்களின் பட்டியலைப் பார்த்தால் சௌந்தரம் கேட்ட கேள்விக்கான பல விடைகள் அதில் உண்டு. 1975இல் அங்கன்வாடி, 1982இல் சத்துணவு, படித்த பெண்ணுக்கு முன்பு தரப்பட்ட திருமண உதவி, 2022இல் கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், அதே ஆண்டு மதுரை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் தொடங்கிவைக்கப்பட்ட காலை உணவுத் திட்டம். பள்ளிக்கு வெளியே இருக்கும் தடையை நீக்கினால்தான் குழந்தை பள்ளிக்குள் வரும் என்பது இப்போது விவாதத்துக்கு உரிய கருத்தே அல்ல. இவை எல்லாவற்றுக்கும் சௌந்தரமே காரணம் என்று சொல்ல முடியாது. திராவிட இயக்கமும் காமராசரும் வகுத்த பாதைகள் தனி. ஆனால் அரசு இந்தப் பொறுப்பை ஏற்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஒரு சமவெளியின் அளவில் இது நடக்கும் என்று செய்துகாட்டியவர் அவர்.

அரசுத் திட்டங்களில் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. உணவு வருகிறது, உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் பத்து நாள் பள்ளிக்கு வராவிட்டால் அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து தாயிடம் பேசுபவர் யார்? பதினாறு வயதில் நிச்சயதார்த்தம் என்று கேள்விப்பட்டால் மறுநாள் காலை அங்கே நிற்பவர் யார்? அங்கன்வாடிப் பணியாளர் இருக்கிறார். ஆனால் பதிவேடுகளும் கணக்கெடுப்புகளும் அவர் நாளைத் தின்றுவிடுகின்றன. அவரை முழு ஊழியராகக்கூட அரசு மதிப்பதில்லை. ஊரோடு குடியிருந்து, ஊரின் நம்பிக்கையைப் பெற்று, தன் படிப்பால் மரியாதை ஈட்டிய கிராம சேவிகைக்கு இன்று இணையான பதவி எதுவும் இல்லை. காந்திகிராமம் விட்டுச்சென்றவற்றில் கைவிடப்பட்டது தக்ளி மட்டுமல்ல, அந்தச் சேவிகையும்தான். தக்ளி போனதில் இழப்பு அதிகமில்லை. சேவிகை போனதன் விலையை மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பாதியில் நிற்கும் பெண்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சௌந்தரத்தைக் கல்வியாளராக ஏற்பது என்றால் அந்தப் பதவியை, முழுச் சம்பளத்தோடும் மரியாதையோடும், மீண்டும் உருவாக்குவது பற்றிப் பேசத் தொடங்குவதாகும்.